அப்பாவின் ஹொண்டா 90-உம் வெல்லாவெளி வீதியும்

கேள்வி: அப்பாவின் ஹொண்டா 90 பைக், 1978 ஆம் வருடத்தது, பல வருடமாக மாலுக்குள் சும்மா கிடந்தது. எஞ்சின் செய்து எடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிப் பக்கம் வயல் பார்க்க அதில்தான் போகிறேன். வீட்டில் ஒரே சண்டை. நான் நாற்பதைத் தாண்டுவதே இல்லை, அதில் என்ன ஆபத்து?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். கிளச் பிடிக்கத் தேவையில்லாத மூன்று கியர், சேறு தெறிக்காமல் காலுக்கு மறைப்பு, மண் புகாமல் மூடிய செயின். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் அடித்த காலம் ஞாபகமிருக்கும். தொண்ணூறு வைத்திருந்தவர்கள் அந்த நாலு லீற்றரோடு வாரம் முழுக்க வயலுக்கும் கடைக்கும் போய்வந்தார்கள். அந்த நாற்பதில்தான் வயற்காற்றும் தெரியும், கொக்கும் தெரியும், வரம்பில் நிற்கிறவர் கூப்பிடுவதும் கேட்கும்.

சரி, சண்டைக்கு வருவோம். வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்பதில் போனாலும் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடிவிடும், நீங்கள் மாட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கும் முன்பே அவ்வளவு போய்விடுகிறது, அதன் பிறகுதான் அந்தச் சின்ன டிரம் பிரேக் வேலையைத் தொடங்கும். உங்கள் பைக்கில் முன்பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் பதியாமல் மேலே எழும்பும், அந்த முன்சஸ்பென்ஷனின் அமைப்பே அப்படி. பயந்துபோய் பிரேக்கை விட்டுவிடாதீர்கள், நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சில்லுக்குத்தான். வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் போய்ப் பிரேக் பிடிக்காது, ஆகவே கொஞ்ச தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே ஓடிக் காயவைத்துவிட்டுப் பிறகு வேகம் எடுங்கள். மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது இறங்கவே வேண்டாம். இந்த எஞ்சின் படுத்திருக்கிற எஞ்சின், பிளக் முன்னால் தாழ்வாக இருக்கிறது, முதலில் நனைவது அதுதான்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் உங்கள் லைட்டை நினைத்துத்தான். 6 வோல்ற் லைட், வேகத்தைக் குறைத்தால் அதுவும் மங்கும், அதாவது நன்றாகப் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் கண்ணை மூடும். பொழுது பட்ட பிறகு வெல்லாவெளி வீதியில் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும், பின்லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி நிற்கும், யானையும் வரும். யானையின் நிறம் இருட்டோடு இருட்டு, பக்கத்தில் போகும்வரை தெரியாது. தூரத்தில் கண்டால் ஹோன் அடிக்காமல் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், அதற்கு உங்கள் பைக் நல்ல பைக், சும்மா திரும்பும். வெறும் பல்பை மட்டும் 12 வோல்ற்றுக்கு மாற்றினால் ஒன்றும் நடக்காது, சார்ஜ் பண்ணும் பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால் ஐந்து மணிக்கே வயலை விட்டுக் கிளம்புங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன், பழைய பைக்கை இரவுக்கு ஏற்றதாக மாற்ற மாற்ற அது பழைய பைக்காகவே இருக்காது.

கச்சான் காற்றுக் காலத்தில் பாலத்தில் கவனம். அந்தக் கால் மறைப்புப் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்துப் பைக்கை ஒரு பக்கம் தள்ளும்.

கேள்வி: வீதியில் நெல் காயப்போடுவதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லையா? இரண்டு தரம் சறுக்கிவிட்டேன்.
(வாசகி, மண்டூர்)

பதில்: நானும் விழுந்திருக்கிறேன், முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. விழுந்தவனைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் தந்ததும் நெல்லைக் காயப்போட்டவர்தான், ஆகவே என்னால் பெரிதாகக் கோபப்பட முடியவில்லை, அவருக்கும் களம் இல்லை. நெல்லும் வைக்கோலும் மணல் மாதிரி. அதற்கு மேலே போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள், ஹாண்டிலையும் திருப்பாதீர்கள், முன்னமே வேகத்தைக் குறைத்து நேராக உருண்டு போங்கள். மாசி, பங்குனி அறுவடையில் வளைவுகளில் இன்னும் கவனம்.

கேள்வி: பழைய பைக்குக்குப் புது டயர் என்று போட்டுத் தந்தார்கள். பூ (டயரின் வெட்டு வரிகள்) அப்படியே இருக்கிறது, ஆனால் மழையில் வழுக்குகிறது.
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014 ஆம் வருடத்தின் 23 ஆவது வாரம் செய்தது. கடைத் தட்டிலேயே பல வருடம் கிடந்த ரப்பர் காய்ந்து இறுகிவிடும், பூ இருந்தும் பிடிக்காது. பழைய பைக்கின் சைஸ் அதிகம் விலைபோகாதபடியால் இப்படி நடக்கிறது. இலக்கம் பழையதாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால் அந்த இலக்கத்தை அவருக்கே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், மற்ற வாடிக்கையாளர்களும் கேட்கட்டும்.