கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் என்ன பேச?

கேள்வி: எட்டு வருடமாக எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறேன். இப்போது நோயாளர் நலச் சங்கக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள். நான் ஏழாவது வரைதான் படித்தேன். டாக்டர் முன்னால் என்ன பேசுவது? குறை சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ?
– வாசகி, கோபி பக்கம்

பதில்: போங்க அம்மிணி, கட்டாயம் போங்க. முப்பத்தோரு வருடம் காங்கயம், தாராபுரம் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குத் தெரிவது, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு நிலையத்தில் வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஒன்பதரை மணி என்று வைத்திருந்தோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதற்குப் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று நானே சத்தம் போட்டிருக்கிறேன். ஒருநாள் கூட்டத்தில் ஓர் அப்பத்தா எழுந்தார். "ஏனுங் கண்ணு, பதினொன்றரை பஸ்ஸை விட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான். ஆட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த வாரமே எட்டு மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பித்தோம். இரண்டாவது பத்தேகாலுக்கு முடிந்தது, பஸ்ஸும் தப்பவில்லை. மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று பேனாவில் வரைந்து கொடுத்ததும் அவர் சொல்லித்தான்.

இது யாரும் உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை. 1978-இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா சுகாதாரப் பிரகடனத்திலேயே, தங்கள் சுகாதார சேவையைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று இருக்கிறது. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகு இந்தச் சங்கங்கள் பரவலாயின. பெஞ்சு, குடிதண்ணீர், கக்கூஸ் ரிப்பேர் மாதிரி வேலைகளுக்குக் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும்.

கோபம் பற்றிக் கேட்டீர்கள். ஆளைச் சொன்னால் கோபம் வரும், நேரத்தைச் சொன்னால் வராது. "நர்ஸ் கவனிக்கறதில்லை" என்று சொல்வதைவிட, "எட்டரைக்குச் சீட்டு வாங்கினேன், மாத்திரை கைக்கு வர பன்னிரண்டாச்சு" என்று சொல்லுங்கள்.

போவதற்கு முன்னால் நாலு பேரை விசாரியுங்கள். தறியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், கைக்குழந்தைக்காரி, அப்புறம் முக்கியமாக, மாத்திரை வாங்க வருவதையே நிறுத்திவிட்ட ஒருவர். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். ஏன் நின்றார் என்பதை நீங்கள்தான் அங்கே கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்.

கடைசியில் கையெழுத்துக் கேட்பார்கள். நீங்கள் சொன்னது தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக, "போன தடவை எழுதினது என்ன ஆச்சுங்க?" என்று கேளுங்கள்.