கருக்கலைப்பு வாதம்: வார்த்தையில எங்க ஏமாத்துறோம்? வக்கீல் அக்கா பதில்கள்

(கும்பகோணத்துல வக்கீல். காலேஜ் பசங்களுக்கு பேச்சுப் பயிற்சியும் கொடுக்குறேன். கேளுங்க.)

மன்னார்குடி தம்பி: அக்கா, டிபேட்ல நான் "கருங்கிறது வெறும் உயிரணு, செல்லு"ன்னேன், எதிர்ல உள்ளவன் "பச்சப்புள்ளையக் கொல்றீங்க"ன்னு கத்துனான், கைதட்டு அவனுக்குத்தான். எங்க விட்டேன்?

ரெண்டு பேருமே ஏமாத்துனீங்க தம்பி. நம்ம ஊர்ப் பேச்சையே கவனி, ஆசப்பட்டு உண்டானா ரெண்டாம் மாசமே "வயித்துல புள்ள இருக்கு, பஸ்ல பாத்துப் போ"ம்போம், வேணாம்னு நெனச்சா அதே ரெண்டாம் மாசம் "நாள் தள்ளிப் போயிருக்கு, அவ்ளோதான்"ம்போம். உள்ள இருக்குறது ஒண்ணுதான், நம்ம விருப்பம்தான் வார்த்தையா வெளிய வருது. அதனால முதல்ல எத்தன வாரம்னு கேளு. 8 வாரத்துக்கும் 22 வாரத்துக்கும் ஒரே வார்த்தையப் போடுறவன் எந்தப் பக்கமா இருந்தாலும் எதையோ ஒளிக்கிறான். அமெரிக்காவுல கருக்கலைப்ப எதிர்க்குற அணி தன்ன "உயிருக்கு ஆதரவு"ன்னு சொல்லிக்கும், அது பொண்ணோட முடிவுங்கிற அணி "தேர்வுக்கு ஆதரவு"ன்னு சொல்லிக்கும். அப்ப எதிராளி உயிருக்கு எதிரியா? பேர் வைக்கும்போதே பாதி ஜெயிச்சாச்சு.

திருவாரூர் சித்தி: 6 வாரத்துல இதயம் துடிக்குதுன்னு வாட்ஸப்ல வந்துச்சே, பொய்யா?

முழுப் பொய் இல்ல சித்தி, பாதி சொல்லாத உண்மை. அந்த 6 வாரம் கடைசி மாதவிடாய் தொடங்குன நாள்லேந்து எண்றது, கரு உண்டாகி சுமார் 4 வாரம்தான் ஆயிருக்கும். ஸ்கேன்ல துடிப்பு தெரியும், ஆனா நாலு அறையோட முழு இதயம் இன்னும் உருவாகல. தவிர, நாள் தள்ளி ரெண்டு வாரந்தான் ஆயிருக்கும், பலருக்கு உண்டானதே தெரியாது, 2021ல அமெரிக்காவோட டெக்சாஸ் மாநிலத்துல, இந்தத் துடிப்பு தெரிஞ்சா கருக்கலைப்பு கூடாதுன்னு சட்டம் போட்டப்ப அதத்தான் பெருசா பேசுனாங்க. அதுக்காக "உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னு முடிவு பொண்ணோடதுன்னு பேசுற நம்ம ஆளுங்க சொல்றதும் உண்மையில்ல.

பாபநாசம்: நம்ம நாட்டுல 1971லயே உரிமை கொடுத்தாச்சு, அப்புறம் என்ன விவாதம்?

உரிமைன்னு சொல்லிட முடியாது. கருக்கலைப்பு இன்னிக்கும் குற்றப் பட்டியல்லதான் இருக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 88வது பிரிவு. 1971ல வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதுக்கு விலக்கு கொடுக்குது, 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒத்துக்கணும், 20லேந்து 24 வரைக்கும் குறிப்பிட்ட நெலமையில உள்ளவங்களுக்கு ரெண்டு டாக்டர். இது 2021ல வந்த திருத்தம். கல்யாணமாகாதவங்களுக்கும் அந்த 24 வாரம் உண்டுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதே மாதிரி "எந்த நெலமையிலயும் கருக்கலைப்பு குற்றம்"னு மேடையில முழங்குறாங்க பாருங்க, அவங்க ஸ்கேன் சென்டர் போர்டப் படிச்சுட்டு கொழம்புறாங்க, அது ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்றதத் தடுக்குற 1994 சட்டம், வேற.

பேர் போட வேணாம்: புருஷன் கையெழுத்து வேணுமா?

வேணாம்மா. 18 தாண்டிருந்தா உன் சம்மதம் மட்டும் போதும்.

வலங்கைமான் அண்ணன்: கருகாவூர் அம்மன் கரு காத்த மண்ணு இது, இங்க இதெல்லாம் பேசலாமா?

அண்ணே, நானும் அந்தக் கோயில்ல பிரசாத நெய் வாங்கி சாப்பிட்டவதான். அந்தக் கதையில வர்ற பொம்பள புள்ள வேணும்னு ஏங்குனவ, முனிவர் சாபத்துல கரு கலைஞ்சப்ப அம்பாள் அதக் கொடத்துல வச்சுக் காப்பாத்துனா. வேணும்னு அழுதவ கதையத் தூக்கிட்டு வந்து வேணாம்னு அழுறவ வாய அடைக்காதீங்க.

மன்னார்குடி தம்பி: அக்கா, நீங்க எந்தப் பக்கம்?

முடிவு அவளோடதுன்னு சொல்ற பக்கம். ஆனா மாசம் ஏற ஏற எனக்கே மனசு கனக்கும், ஒரு காலேஜ் மேடையில அத மறைச்சு "யோசிக்க ஒண்ணுமே இல்ல"ன்னு அடிச்சு விட்டேன், செம கைதட்டு. கீழ எறங்குனதும் எதிரணியில பேசுன டீச்சரம்மா டீயக் கையில கொடுத்துட்டு, "நெசமாவே ஒண்ணுமே தோணலையாம்மா?"ன்னாங்க. டீ ஆறிப்போற வரைக்கும் கிளாஸயே பாத்துட்டு நின்னேன் தம்பி.