லீவு லெட்டர்ல எல்லாருக்கும் காய்ச்சல்தான்

கேள்வி: சென்னைலருந்து அம்பாசமுத்திரம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துட்டோம். மகளை ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில ஒண்ணாம் வகுப்பு சேர்க்கப் போறோம். லீவு, காய்ச்சல், பாதுகாப்பு இதுக்கெல்லாம் அங்க என்ன நடைமுறை, முன்னாலயே எதெல்லாம் கேட்டு வச்சுக்கணும்?

நானும் அந்தத் தாலுகாதான் தம்பி. என் ரெண்டு பிள்ளைகளும் ஊர்ப் பள்ளிக்கூடம்தான், பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன், பொறுமையாப் படிங்க.

சேர்க்கிறதுல ஒரு கஷ்டமும் இல்ல. பிறப்புச் சான்றிதழ், ஆதார் கேப்பாவ, ஆனா சான்றிதழ் கைல இல்லன்னு சொல்லி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்துலயே அது இருக்கு. அதை விடுங்க. ரூல் எல்லாம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அது வேலை செய்யுறதும் செய்யாததும் வீட்டுலருந்து அசல் காரணத்தைச் சொல்லுதோமா இல்லையாங்கிறதுலதான் இருக்குன்னு நான் நெனைக்கேன்.

எங்க பள்ளிக்கூடத்து லீவு லெட்டர் கட்டைப் பிரிச்சா ஊர்ல காய்ச்சலைத் தவிர வேற ஒண்ணுமே நடக்கலைன்னுதான் தோணும். சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல், சங்கரன்கோவில்ல சித்தி மக சடங்குக்குப் போனாலும் காய்ச்சல், ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயில்ல குடும்பத்தோட குடில் போட்டு தங்கிட்டு வந்தாலும் 'எனக்குக் காய்ச்சல் என்பதால்'தான். டீச்சருக்கும் தெரியும், பிள்ளை கைல கயிறு கட்டி நெத்தில திருநீறோட வந்து நிக்கும்போது தெரியாதா என்ன. சிரிச்சுக்கிட்டே வாங்கி வச்சுக்கிடுவாவ.

இதுல என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். ஒரே வகுப்புல நாலஞ்சு பிள்ளைகளுக்கு ஒரே சமயத்துல காய்ச்சல்னா ஹெச்.எம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லணும், அங்கருந்து ஆள் வந்து சின்டெக்ஸ் மூடி, சிமெண்ட் தொட்டி, கொல்லைல கெடக்குற டயரு, செரட்டை எல்லாத்தையும் பாத்து கொசுப்புழு இருக்கான்னு தேடி மருந்து ஊத்துவாவ, தேவைப்பட்டா பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பாப்பாவ. அந்த லெட்டர்ல பாதி கொடைக் காய்ச்சலா இருந்தா அசல் காய்ச்சல் வரும்போது யாருக்கும் உறைக்காது. கொடைக்குப் போனா கொடைன்னே எழுதுங்க, யாரும் தூக்குல போட மாட்டாவ.

காய்ச்சல்னா எத்தனை நாள் வச்சுக்கணும்னு கேட்டீங்கன்னா, மருந்து குடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாம இருந்தா அனுப்பலாம். இந்த 'மருந்து குடுக்காமலே'ங்கிறதுதான் விஷயம். வேலைக்குப் போற அவசரத்துல காலைல எட்டு மணிக்கு பாராசிட்டமால் சிரப்பை ஊத்தி அனுப்பிருதாவ, அது நாலு மணி நேரம், மிஞ்சிப்போனா ஆறு மணி நேரம்தான் தாங்கும், சத்துணவுக்கு உக்காரும்போது பிள்ளைக்கு திரும்ப கொதிக்க ஆரம்பிச்சு தட்டுலயே தலையைச் சாய்ச்சுக்கிட்டு கெடக்கும், பக்கத்துல நாலு பிள்ளைக்கும் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வரும். டெங்கு சீசன்ல இன்னொண்ணும் இருக்கு, மூணாம் நாள்லருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் சட்டுன்னு எறங்கும், சரியாப்போச்சுன்னு நாம பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம், ஆனா டெங்குல ஆபத்தான நேரமே அதுதான். வயித்து வலி, விடாம வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுறது, மூக்குலயோ ஈறுலயோ ரத்தம், பிள்ளை சுருண்டு சுருண்டு படுக்கிறது, இதுல எது இருந்தாலும் பள்ளிக்கூடமும் வேண்டாம் மெடிக்கல் ஷாப்பும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான். கடைல கேட்டு வலி மாத்திரை வாங்கிக் குடுத்துராதீங்க, பாராசிட்டமால் தவிர மத்தது ரத்தக்கசிவைக் கூட்டிரும்.

அம்மை விஷயத்துல எங்க ஊர்ப்பக்கம் யாரும் வாயைத் திறக்க மாட்டாவ. வாசல்ல வேப்பங்குழை சொருகியிருக்கும், 'அம்மன் வந்திருக்கா'ன்னு சொல்லுவாவ, அதோட சரி. அதை நான் குறை சொல்லல, பிள்ளையைத் தனியா படுக்க வச்சு, வெளியாளை உள்ள விடாம இருக்கிறது நல்லதுதான். ஆனா டீச்சர்கிட்ட அன்னைக்கே சொல்லிருங்க, ஏன்னா கொப்புளம் தெரியுறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாலருந்தே சின்னம்மை அடுத்தவங்களுக்குத் தொத்த ஆரம்பிச்சிருக்கும், வகுப்புல மாசமா இருக்கிற டீச்சர் இருக்கலாம், வேற நோய்க்கு மருந்து சாப்பிடுற பிள்ளை இருக்கலாம். திரும்ப எப்ப அனுப்பலாம்னா மூணு தண்ணி ஊத்தியாச்சுன்னு ஆச்சி சொல்லுதது ஒரு கணக்கு, டாக்டர் கணக்கு என்னன்னா எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டியிருக்கணும். ரெண்டையும் சேத்தே பாருங்க, தண்ணி ஊத்தும்போது முதுகு, தலைமுடிக்குள்ள, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்க, நீர் கோத்த கொப்புளம் ஒண்ணு இருந்தாலும் இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும். மணல்வாரி, அதான் தட்டம்மைன்னா தடிப்பு வந்ததுலருந்து 4 நாள், பொன்னுக்கு வீங்கின்னா வீக்கம் வந்ததுலருந்து 5 நாள் வீட்டுல வைக்கணும். மெட்ராஸ் ஐன்னா பீளை தள்ளுறது நிக்கிற வரைக்கும். பேனுக்கு லீவு எல்லாம் வேண்டாம், சீப்பு போட்டு வாருங்க, அதுக்குப் போயி பொம்பளப் பிள்ளையை ஓரமா உக்கார வைக்கிறவங்களைக் கண்டா எனக்கு கோவம்தான் வரும்.

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வைங்க. 5-6 வயசுல போடுற டிபிடி பூஸ்டர் நிறைய பேருக்கு விட்டுப்போயிருக்கும், ஒண்ணரை வயசு ஊசியோட முடிஞ்சுதுன்னு நெனைச்சிருப்பாவ. கிராம செவிலியர் அக்காகிட்ட கேட்டா போட்டு விடுவாவ, காசு கெடையாது.

பள்ளிக்கூடத்துல குடுக்குற மாத்திரை ரெண்டு. பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், வருஷத்துல ரெண்டு தடவை, பிப்ரவரி 10 ஆகஸ்ட் 10 ஒட்டி வரும், நல்லா சப்பி மென்னு திங்கணும், முழுசா முழுங்கக் கூடாது, வரலைன்னா அடுத்த வாரம் இன்னொரு நாள் குடுப்பாவ. ரெண்டாவது இரும்புச்சத்து, சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் கலர்ல வாரம் ஒண்ணு, வெறும் வயித்துல குடுக்கக் கூடாது, வெளிக்குப் போறது கறுப்பா இருக்கும், பயந்துராதீங்க. பூச்சி மாத்திரை அன்னைக்கு வாட்ஸ்அப்ல எவனாவது ஒருத்தன் எங்கயோ பிள்ளை மயங்கி விழுந்ததுன்னு அனுப்புவான், அன்னைக்கு பாதிப் பேர் வர மாட்டாவ. வயித்துல பூச்சி ரொம்ப இருக்கிற பிள்ளைக்கு லேசா வாந்தி, வயித்து வலி வரலாம், கொஞ்ச நேரத்துல சரியாயிரும். உங்க மகளுக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லன்னாலோ வேற மருந்து ஏதும் ஓடுதுன்னாலோ முன்னாலயே சொல்லிருங்க, குடுக்க மாட்டாவ.

வலிப்பு, வீசிங், ஏதாவது சாப்பிட்டா தடிக்கிற அலர்ஜி இதெல்லாம் இருந்தா சேர்க்கும்போதே பேப்பர்ல எழுதிக் குடுங்க. 'சொன்னா சேர்க்க மாட்டாவளோ'ன்னு மறைக்கிறவங்க இருக்காவ, அரசுப் பள்ளியில அப்படிச் செய்ய முடியாது. காலை உணவும் மத்தியானச் சாப்பாடும் அங்கயேங்கிறதால இது ரொம்ப முக்கியம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது, ஒரு நாள் உப்புமா ஒரு நாள் கிச்சடி புதன்கிழமை பொங்கல்னு ஓடுது, சமைக்கிறது சுய உதவிக் குழு அக்காமாரு, அவங்க பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்துலதான் படிக்கணுங்கிறது ரூல், எனக்கு அந்த ரூல்ல ஒரு தனி நம்பிக்கை. மத்தியானச் சோத்தை டீச்சர் ருசி பாத்துட்டுத்தான் பிள்ளைகளுக்கு வைக்கணும், நடக்குதான்னு ஒரு நாள் போய் நின்னு பாருங்க, யாரும் தடுக்க மாட்டாவ. நம்ம ஜில்லாக்காரங்களுக்கு இதுல கொஞ்சம் பெருமையும் உண்டு, காமராஜர் 1956ல மதிய உணவைத் தொடங்கினது எட்டயபுரத்துல, அப்ப அது திருநெல்வேலி ஜில்லாதான்.

வருகைப் பதிவுக்கு வாரேன். தொடக்கப் பள்ளியில அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரிட்சை எழுத விட மாட்டோம்னு யாரும் சொல்லப்போறதில்ல, அதனாலதான் நம்மாளுகளுக்கு அது ஒரு பொருட்டாவே இல்ல. ஆனா 2022லருந்து எண்ணும் எழுத்தும்னு ஒரு முறை இருக்கு, ஒரே வகுப்புல பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு நடத்துதாவ. அரும்புல இருக்கிற பிள்ளை ஒரு வாரம் வரலைன்னா திரும்பி வரும்போது மத்தது மொட்டுக்குப் போயிருக்கும், அதுக்கே தெரியும் தான் பின்னால நிக்கோம்னு, அப்புறம் காலைல வயித்து வலின்னு ஆரம்பிக்கும். அந்த வயித்து வலிக்கு மருந்துக் கடையில ஒண்ணும் கிடைக்காது.

எங்க பக்கம் அதிகமா லீவு போடுறது பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைகதான். கடைக்கு பீடி எண்ணிக் குடுக்கிற அன்னைக்கு அம்மாவுக்குக் கை ஓயாது, இலை வெட்டணும் தூள் வைக்கணும் கட்டணும், அப்ப கைக்குழந்தையைப் பாக்க மூணாம் வகுப்புப் பொம்பளப் பிள்ளையை நிப்பாட்டிருதாவ. லெட்டர்ல காய்ச்சல். ஒரு மைனி மட்டும் டீச்சர்கிட்ட நேராவே சொன்னா, 'தம்பிப் பயலைப் பாக்க ஆளில்ல டீச்சர், நான் என்ன செய்யட்டும்'னு. டீச்சர் அங்கன்வாடில பேசி அந்தப் பயலை அங்க உக்கார வச்சாச்சு, அக்காக்காரி ஒழுங்கா வாரா. காய்ச்சல்னு எழுதியிருந்தா இது நடந்திருக்குமா.

போன் நம்பர். இதைச் சிரிக்காமப் படிங்க, எங்க ரெஜிஸ்டர்ல பாதி நம்பர் அப்பாக்களோடது, அப்பாக்கள் பாதிப் பேர் பம்பாயிலயும் துபாயிலயும். பிள்ளை பள்ளிக்கூடத்துல வாந்தி எடுத்தா போன் துபாய்க்குப் போவுது, அங்கருந்து அவரு வீட்டுக்காரிக்குப் போட்டு, அவ எடுக்காம, பக்கத்து வீட்டுக்குப் போட்டு. சிம் மாத்துனா அன்னைக்கே சொல்லுங்க, பகல்ல ஊருக்குள்ள இருக்கிற ஒருத்தர் நம்பரை ரெண்டாவதா குடுங்க. அதோட சாயங்காலம் பிள்ளையை யாரெல்லாம் கூப்பிட வரலாம்னு பேரோட எழுதிக் குடுங்க. நம்ம ஊர்ல எல்லாரும் மாமாதான், எல்லாரும் சித்தப்பாதான், 'மாமா வந்திருக்கேன்'னு ஒருத்தர் வந்து நின்னா டீச்சர் என்னத்தைக் கண்டாவ.

கட்டடம் பத்தி நீங்களே போய் பாருங்க, யாரையும் கேக்காதீங்க. 2021 டிசம்பர் 17 திருநெல்வேலி டவுன்ல ஒரு பள்ளியில கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு மாணவங்க போயிட்டாங்க, அதுக்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க பழைய கட்டடங்களை ஆய்வு பண்ணி இடிச்சாங்க. அதனால வகுப்பறை பெயிண்டைப் பாக்காம கழிப்பறைக்குப் பின்னால போங்க, சுவர்ல விரிசல், செப்டிக் டேங்க் மூடி, தொங்குற கரண்ட் ஒயர், பழைய கிணறு இருந்தா அதுக்கு வலை. ஏதாவது தெரிஞ்சா வாயால சொல்லாதீங்க, மேலாண்மைக் குழு கூட்டத்துல தீர்மானமா எழுத வைங்க. அந்தக் குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டம், நீங்களும் வாங்க, காலியாக் கெடக்குற நாற்காலி நிறைய.

அடிக்கிறதைப் பத்தி. 'கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்'னு சொல்லி பிள்ளையை விடுற வழக்கம் இன்னும் போகல. அப்படிச் சொல்லாதீங்க. கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆம் பிரிவு அடிக்கிறதையும் மனசு நோக வைக்கிறதையும் தடை பண்ணுது, நீங்க சம்மதம் குடுத்தாலும் அது செல்லாது. தொடக் கூடாத இடத்துல யாராவது தொட்டா என்ன செய்யணும்னு வீட்டுலயே சொல்லிக்குடுங்க, டீச்சர், வேன் டிரைவர், சொந்தக்காரங்க யாரா இருந்தாலும். 1098 குழந்தைகளுக்கான நம்பர், 14417 பள்ளிக் கல்வித்துறை நம்பர், ரெண்டையும் நோட்டு அட்டையில எழுதி வைங்க. பள்ளிக்கூடத்துல 'மாணவர் மனசு'ன்னு பெட்டி இருக்கும், ஆனா ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதத் தெரியாதே, அதனால நீங்கதான் தினமும் வாயைக் கிண்டணும்.

மழை லீவு கலெக்டர் சொல்லுதது. 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு தெரியும்தானே. பாபநாசம், மணிமுத்தாறு அணையில தண்ணி திறக்காவன்னு தெரிஞ்சா, போற வழியில தரைப்பாலம் இருந்தா, டிவில லீவு வரலைன்னாலும் அனுப்பாதீங்க, அன்னைக்கு லெட்டர்ல 'பாலத்துல தண்ணி'ன்னே எழுதுங்க. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டா அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைப்பாவ, அந்தச் சனிக்கிழமைக்கும் பிள்ளையை அனுப்புங்க, ஊர்ல பாதிப் பேருக்கு அன்னைக்கும் காய்ச்சல் வரும்.