அவனன்றி ஓரணுவும் அசையாது என்றால், தப்பு செய்தவனைச் சட்டம் தண்டிப்பது எப்படி நியாயம்?

கேள்வி கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் யாரோ ஒரு பெரியவர், தாம் செய்த எதற்கோ 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான். நானும் வாயடைக்கப்பட்டவன்தான். அதனால்தான் காலையில் வேலை இருந்தும் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாத்திகன் இல்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவன். 'சாமியைக் குறை சொல்கிறான்' என்று கருத்துப் பெட்டிக்கு வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள். வக்கீலும் இல்லை. என் தலையில் விழுந்த சட்டங்களை மட்டும் படித்து வைத்திருக்கிறேன்.

நேர்ப் பதில் சின்னதுதான். அணுவை யார் அசைத்தது என்று சட்டம் விசாரிப்பதில்லை. எங்கள் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. சித்தம் கலங்கி, செய்வது இன்னதென்று அறிய முடியாதவனை 84ஆம் பிரிவு விட்டுவிடுகிறது. மிச்சப் பேரிடம் அது கேட்பது 'தெரிந்துதானே செய்தாய்?' என்பதைத்தான். 'ஆண்டவன் செய்ய வைத்தான்' என்பவனுக்கு அதில் தனிப் பிரிவு கிடையாது. அவ்வளவுதான். இனி வருவது என் கதை, வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த இடம் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்டம். 1948இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் வந்தது இந்த வட்டாரத்தில்தான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் ஆட்களைக் கேட்டால், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்பார்கள். அப்போது ரப்பர், இப்போது முழுக்கச் செம்பனை. அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். அவருக்கு நீல அடையாள அட்டை, அதாவது குடிமகன். அம்மாவும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். ஆனால் அம்மா பிறந்ததைத் தாத்தா போய்ப் பதியவே இல்லை. அதனால் அம்மாவுக்குச் சிவப்பு அட்டை, அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. தாத்தா அதற்கு என்ன காரணம் சொன்னாரோ, கேட்க நான் பிறந்திருக்கவில்லை.

இருவருக்கும் 1982 சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தை மாதமே வைப்பதாகத்தான் பேச்சு. ஜோசியர் அம்மாவின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, தை வேண்டாம், சித்திரைதான் நல்லது என்றாராம். சரி, இரண்டு மூன்று மாதத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கெட்டது என்னவென்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் கோயிலில் முறைப்படி நடந்த கல்யாணத்தை, பதிந்ததாகவே அந்தச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மார்ச் 1க்குப் பிறகு நடந்தால் பதிய வேண்டும். ஆக, தை மாதம் தாலி ஏறியிருந்தால் ஆத்தா சாட்சி போதும். சித்திரையில் ஏறியதால் ஆத்தாவும் வேண்டும், பதிவு விண்ணப்பப் பாரமும் வேண்டும். பார்த்தாயா, இதுதான் விதி என்று யாராவது எழுதப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், நல்ல மனிதர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்தே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார், புதுச் சட்டம் வந்திருக்கிறது, பட்டணத்துக்குப் போய்ப் பதிந்துவிடு, பின்னால் பிள்ளைகளுக்குத் தொல்லை என்று. அப்பா சொன்ன பதிலை எங்கள் லயத்தில் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "ஆத்தா முன்னால தாலி கட்டியாச்சுங்க ஐயா. அவளுக்கு மேல என்ன சாட்சி?"

1983இல் நான் பிறந்தேன். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறது. 12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது கவுன்டரில் அப்பா அம்மாவின் திருமணப் பத்திரம் கேட்டார்கள். அப்பா ஞெகிழிப் பையிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்து நீட்டினார். அந்த அதிகாரி சிடுமூஞ்சி இல்லை. போட்டோவை உண்மையிலேயே உற்றுப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்தது சிவப்பு அட்டை. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: முறைப்படி மணமாகாதவர்களுக்குப் பிறந்த பிள்ளையின் விஷயத்தில் 'தந்தை' என்று வரும் இடத்தில் 'தாய்' என்று கொள்ள வேண்டும். தாய்க்குச் சிவப்பு, எனக்கும் சிவப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். பதியாததனால் மட்டுமே கல்யாணம் செல்லாமல் போகாது என்று திருமணச் சட்டத்தின் 34ஆம் பிரிவைக் காட்டி வாதாட இடம் உண்டு என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். வாதாட வக்கீல் வேண்டும், வக்கீலுக்குக் காசு வேண்டும். (தங்கைக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அது அவள் கதை, அவளைக் கேட்காமல் நான் எழுதக் கூடாது.)

அந்த வாரமே அப்பாவும் அம்மாவும் போய்ப் பதிந்தார்கள், பதிமூன்று வருடம் கழித்து. என் அட்டை நிறம் மாறவில்லை.

பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஆக வேண்டும் என்று ஒரே ஆசை. பயிற்சிக் கல்லூரிப் பாரத்தின் முதல் பக்கத்திலேயே 'குடிமகனா?' என்று கேட்டிருந்தது. கல்விக் கடனும் அப்படியே. நான் பாரத்தை மடித்து வைத்துவிட்டுப் பட்டறையில் வேலைக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயிலில் சமய வகுப்பு எடுக்கும் பெரியவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "இது உன் பிராரத்தம் தம்பி. போன பிறவியில செஞ்சது, அனுபவிச்சுத்தான் கழிக்கணும்." அவர் வகுப்பிலேயே படித்ததுதான்: சஞ்சிதம் என்பது சேர்த்து வைத்த மூட்டை, பிராரத்தம் அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்துக்கொண்டது, ஆகாமியம் இப்போது நாம் புதிதாகச் சேர்ப்பது. வினைக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் அறிவு கிடையாது, அதை உரியவனிடம் சேர்ப்பவன் சிவன் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, பதியாம விட்டது அப்பாவோட ஆகாமியம். அது எப்படி என்னோட பிராரத்தம் ஆச்சு? விலாசம் மாறிப்போச்சா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இதற்கு நல்ல பதில் வைத்திருப்பீர்கள். எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் ஆகாமியம் என்று ஒரு கணக்கைத் தனியாக வைத்திருப்பதே, மனிதனுக்குச் செய்யவும் விடவும் இடம் இருக்கிறது என்பதால்தானே? குறளிலும் 38ஆம் அதிகாரம் ஊழை மிஞ்ச எதுவும் இல்லை என்கிறது, 62ஆம் அதிகாரம் சோராமல் முயல்கிறவன் ஊழையும் முதுகு காட்ட வைப்பான் என்கிறது. இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார். எங்கள் ஆட்களுக்கு 38 மட்டும்தான் மனப்பாடம்.

கோயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். திருவிழாவில் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவன் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று தடவை வாசிப்பார்கள், ரசீதுப் புத்தகம் அச்சடித்துத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதே கோயிலில் எத்தனை கல்யாணம் நடந்தது, யாருக்கும் யாருக்கும் நடந்தது என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கோயில் அர்ச்சகரையே உதவிப் பதிவாளராக நியமித்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிறையக் கோயில்களில் அப்படி நடக்கிறது. எங்கள் நிர்வாகத்துக்கு அப்போது கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிற வேலை. சரி, விடுங்கள். இதை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நடுவில் ஓர் ஏஜெண்டு 2,000 வெள்ளி வாங்கிக்கொண்டு காணாமல் போனது, விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது எல்லாம் உண்டு. 2016இல் ஒரு வழியாகக் குடியுரிமை கிடைத்தது. அப்போது ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும்: இந்தக் கூட்டரசுக்கு வெளியே உள்ள எந்த நாட்டின் மீதும் எனக்குள்ள விசுவாசத்தை அடியோடு கைவிடுகிறேன் என்று. லயத்தில் பிறந்து, பக்கத்து நகரமான ஈப்போவைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவை. எந்த நாட்டைக் கைவிடுவது என்று யோசித்துக்கொண்டே வாசித்தேன். 2018 மே 9ஆம் தேதி முதல் தடவையாக ஓட்டுப் போட்டேன். விரல் மையை ஒரு வாரம் தேய்க்காமல் வைத்திருந்தேன்.

அப்பா அதைப் பார்க்கவில்லை, 2013இல் போய்விட்டார். போவதற்கு முந்தின வருடம், நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருந்தபோது, ஒருநாள் என் சிவப்பு அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "அன்னைக்குப் பட்டணம் போயிருந்தா ஒரு நாள் சம்பளம் போயிருக்கும்டா. மழை மாசம் வேற, அந்த மாசம் வெட்டுனதே பத்து நாளுதான். கல்யாணக் கடன் இருந்துச்சு. கிராணிகிட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு நாள் சம்பளம் என்றால் அன்றைய தோட்டத்தில் என்னவென்று எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் கேட்டேன். "அப்புறம் ஏம்ப்பா ஆத்தாவ இழுத்தீங்க?"

"அவதான்டா திருப்பி ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார்.

உங்கள் வீட்டில் 'எல்லாம் அவன் செயல்' என்று சொன்னாரே, அவரிடம் சண்டை போடாதீர்கள். அன்றைக்குக் கையில் எவ்வளவு காசு இருந்தது என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.