போன அணியும் இருக்கும் அணியும்

அன்புள்ள அக்கா,

நான் பெல்வியூவில் இருக்கிறேன். 2004 கடைசியில் ரெட்மண்டில் மென்பொருள் வேலைக்கு வந்தேன். வந்த முதல் குளிர்காலத்தில் யாரையும் தெரியாது. ஒரு நாள் ரூம்மேட் சியாட்டிலின் கீ அரீனா அரங்கத்துக்கு அழைத்துப் போனான். ரே ஆலன் ஆடிய சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து ஆட்டம். அன்றிலிருந்து அது என் அணி. 2008இல் அதை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 17 வருடமாகச் சியாட்டிலுக்குக் கூடைப்பந்து அணியே இல்லை. 2025 ஜூனில் அந்த ஓக்லஹோமா அணி சாம்பியன் ஆனபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கோப்பையில் எங்களுக்கும் பங்கு உண்டுதானே?

புதிதாக வைத்த லென்னி வில்கன்ஸ் சிலையைப் பார்க்கக் கோடையில் மகளை அழைத்துப் போனேன். பன்னிரண்டு வயது, பள்ளி டீமில் ஆடுகிறாள். "யாருப்பா இவர்?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்ததுமே தொண்டை அடைத்துக்கொண்டது. சானிக்ஸின் வரலாற்றை நீங்கள் தமிழில் எழுத வேண்டும்.

உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

பங்கு கிடையாது. அந்தக் கோப்பை ஓக்லஹோமா ஊர்க்காரர்களுடையது. அணி எப்படி வந்தது என்பதற்கு அந்த ஊர் ஜனங்கள் பொறுப்பில்லை. அத்தனை வருடம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கத்தியவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடுங்கள்.

வில்கன்ஸைப் பற்றி மகளிடம் சொல்ல வேண்டியதை நானே சொல்லித் தருகிறேன். 1977–78 சீசனில் முதல் 22 ஆட்டங்களில் சானிக்ஸ் ஜெயித்தது ஐந்துதான். அந்த நிலைமையில் வில்கன்ஸ் கோச் ஆனார். அதே ஆட்கள், மீதி 60 ஆட்டங்களில் 42 வெற்றி. நேராக ஃபைனல். அங்கே வாஷிங்டன் புல்லட்ஸோடு மோதி, ஏழாவது ஆட்டத்தில், சொந்த ஊரிலேயே தோற்றார்கள். அன்று டென்னிஸ் ஜான்சன் 14 முறை கூடையை நோக்கி எறிந்தார், ஒன்றுகூட விழவில்லை. மறு வருடமும் அதே இரண்டு அணிகள்தான் ஃபைனலில். இந்த முறை சானிக்ஸ் 4–1 என்று ஜெயித்தது. ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் யார்? அதே டென்னிஸ் ஜான்சன். முந்தின வருடம் பதினான்கும் தவறியவரைத் திட்டி ஓரம் கட்டாமல், மறுபடியும் பந்தை அவர் கையிலேயே கொடுத்த கோச் அந்தச் சிலையில் இருப்பவர். பள்ளி டீமில் ஆடும் பெண்ணுக்கு இது புரியும். என்றாவது ஒரு நாள் அவளுக்கும் எதுவும் விழாமல் போகும்.

மற்ற கதையெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். 1967இல் தொடங்கிய அணி. போயிங் கட்டப்போவதாக இருந்த சூப்பர்சானிக் விமானத்தின் பெயரை வைத்தார்கள். அந்த விமானத் திட்டம் 1971இலேயே கைவிடப்பட்டது. 1996 ஃபைனலில் சானிக்ஸின் பேட்டனும் கெம்ப்பும் ஜோர்டனின் சிகாகோவிடம் 4–2 என்று தோற்றார்கள். 2001இல் ஸ்டார்பக்ஸ் காபிக் கம்பெனியின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அணியை வாங்கினார். அரங்கைப் புதுப்பிக்க அரசாங்கப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. 2006இல் ஓக்லஹோமாவின் க்ளே பென்னட் குழுவுக்கு 350 மில்லியன் டாலருக்கு விற்றார். விளையாட்டு முதலாளிகளுக்கு வரிப்பணத்தை வாரிக் கொடுக்க வேண்டாம் என்று அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில்காரர்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். அணி ஊரைவிட்டுப் போகாமல் தடுக்க நகரம் வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் 45 மில்லியன் வாங்கிக்கொண்டு நகரம் வழிவிட்டது. சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை, மஞ்சள் நிறங்களும் சியாட்டிலிலேயே இருக்கட்டும் என்று ஒப்பந்தம். உங்கள் தொண்டை அடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆள் தெரியாத ஊரில் முதல் குளிர்காலத்தைத் தாங்கிக்கொள்ள உதவிய எதுவும் விளையாட்டு என்கிற கணக்கில் அடங்காது. அந்தத் துக்கத்தை யாராவது கேலி செய்தால் நானே சண்டைக்கு வருவேன்.

ஆனால் தம்பி, "17 வருடமாகச் சியாட்டிலுக்குக் கூடைப்பந்து அணியே இல்லை" என்று எழுதினீர்களே, அதை எப்படி எழுதினீர்கள்? பள்ளி டீமில் ஆடும் பெண்ணைப் பெற்றவர் எழுதும் வரியா அது?

சியாட்டில் ஸ்டார்ம் என்று ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி இருக்கிறது. 2000இலிருந்து இருக்கிறது. ஷுல்ட்ஸ் விற்ற அந்த 350 மில்லியனில் ஸ்டார்மும் அடக்கம். பென்னட் நினைத்திருந்தால் இதையும் சேர்த்தே ஓக்லஹோமாவுக்கு ஏற்றியிருக்கலாம். 2008 தொடக்கத்தில், சானிக்ஸுக்காக ஊரே தெருவில் நின்றபோது, நான்கு பெண்கள் சேர்ந்து 10 மில்லியன் டாலர் கொடுத்து ஸ்டார்மை வாங்கினார்கள். ஒருவர் படகுப் போட்டியில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய ஜின்னி கில்டர். ஒருவர் நகரத்தின் துணை மேயராக இருந்த ஆன் லெவின்சன். டான் ட்ரூடோ மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்தவர். லிசா ப்ரம்மெல் மைக்ரோசாஃப்ட்டின் மனிதவளத் துறைக்கே தலைவர். உங்கள் ரெட்மண்டில்தான் தம்பி, நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு நடக்கும் அதே தெருக்களில்! கோடீஸ்வரர்கள் காப்பாற்றாத கூடைப்பந்தை அந்த ஊரில் நிறுத்திவைத்தவர்கள் இந்த நான்கு பேர். உங்கள் கடிதத்தில் ஷுல்ட்ஸுக்கோ பென்னட்டுக்கோ இருக்கும் இடம்கூட இவர்களுக்கு இல்லை.

இன்னும் கேளுங்கள். 1979க்குப் பிறகு சியாட்டிலுக்குப் பெரிய கோப்பை என்று ஒன்று வந்தது 2004 அக்டோபரில். ஸ்டார்ம் கொண்டுவந்தது. அதே கீ அரீனாவில், நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் கனெக்டிகட் அணியை ஜெயித்தார்கள். கோச் ஆன் டோனவன்; WNBA என்கிற அந்தப் பெண்கள் லீகில் கோப்பை வென்ற முதல் பெண் கோச் அவர்தான். நீங்கள் ரூம்மேட்டோடு அரங்கத்துக்குள் நுழைந்தபோது அந்த வெற்றியின் சூடு ஆறியிருக்காது. 2010இல் லீக் ஆட்டங்களில் சொந்த அரங்கில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, 17க்கு 17. அந்த ஆண்டும் கோப்பை. 2018, 2020இலும் கோப்பை. மொத்தம் நான்கு. சானிக்ஸ் 41 சீசனில் வாங்கியது ஒன்று.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். போன மாதம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஆண்டுவிழா மலர் தபாலில் வந்தது. அதில் "நம் கூடைப்பந்து அணியின் வரலாறு" என்று நான்கு பக்கம். ஆசையாகப் பிரித்தேன். யார் யார் எந்த ஆண்டு கேப்டன், எந்த ஊரில் என்ன கோப்பை, எல்லாம் இருந்தது. பெண்கள் அணி பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் விடியற்காலையில் ஆடியவர்கள். சாயங்காலம் மைதானம் பையன்களுக்கு. பனியில் சிமெண்ட் தரை வழுக்கும். பந்தின் மேல்தோல் தேய்ந்து கைக்கு நிற்காது. பையன்கள் கழித்த ஜெர்ஸிகளைத்தான் எங்களுக்குத் தந்தார்கள். முதுகில் இருந்த எண்ணை நூல் பிரித்து எடுத்து, எங்கள் எண்ணை வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்துக்கொண்டோம். பழைய எண்ணின் ஊசித் தடம் மட்டும் போகவே போகாது. அந்த ஜெர்ஸியில்தான் கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையை வாங்கினோம். மலரில் எழுதியவர் அதே காலத்தில் அதே மைதானத்தில் ஆடியவர், எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல மனிதர், பொறாமையோ வஞ்சமோ இல்லாதவர். எங்களை மறைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். நாங்கள் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை. உங்கள் கடிதத்திலும் அதே நல்ல மனிதரைப் பார்த்தேன்.

2018இல் சித்தி மகள் வீட்டுக்கு வந்து சியாட்டில் பக்கத்துக் கென்ட்டில் இரண்டு மாதம்போல இருந்தேன். செப்டம்பர் 4ஆம் தேதி அவள் என்னைக் கீ அரீனாவுக்கு அழைத்துப் போனாள். அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம், எதிரில் ஃபீனிக்ஸ், அதன் நட்சத்திரம் டயானா டாராஸி. ஜெயித்தால் ஃபைனல், தோற்றால் வீடு. ஸ்டார்மின் பாயிண்ட் கார்டு சூ பேர்டுக்கு அப்போது 37 வயது. முந்தின ஆட்டத்தில் மூக்கு உடைந்திருந்தது. முகமூடியைக் கட்டிக்கொண்டு வந்தார். வேர்வையில் அது நகரும். ஒவ்வொரு முறை ஆட்டம் நிற்கும்போதும் கட்டைவிரலால் தள்ளிச் சரிசெய்துகொள்வார். கடைசிக் கால்பகுதியில் ஆட்டம் கைநழுவிப் போகிற மாதிரி இருந்தது. அதுவரை அடுத்தவர்களுக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், சரி, இனி நானே போடுகிறேன் என்று தீர்மானித்தவர் போல ஆட ஆரம்பித்தார். அந்தக் கால்பகுதியில் மட்டும் 14 புள்ளி. 94–84. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரர், பழைய சானிக்ஸ் தொப்பி போட்டவர், நாற்காலி மேல் ஏறாத குறை. அவருக்கு இரண்டு அணியும் ஒன்றுதான். போன அணிக்குத் தலையில் தொப்பி, இருக்கும் அணிக்குத் தொண்டை.

சூ பேர்டு 2002இல் வந்தார், 2022இல் ஓய்வு பெற்றார், இடையில் வேறு எந்த அமெரிக்க லீக் அணிக்கும் ஆடவில்லை. முழங்கால் எத்தனையோ முறை படுத்தியது. 2019, 2021 என்று கீ அரீனாவைப் புதுப்பித்து முடிக்கும்வரை பக்கத்து ஊர் எவரெட்டுக்கும் பல்கலைக்கழக மைதானத்துக்கும் அணி அலைந்தது. அப்போதும் போகவில்லை. 2025 ஆகஸ்ட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். எங்கே? நீங்கள் மகளோடு போய் நின்றீர்களே, அதே அரங்கத்துக்கு வெளியில்தான். அந்த லீகில் ஒரு அணி தன் ஆட்டக்காரிக்கு வைத்த முதல் சிலை. நீங்கள் போன நாளில் அது இருந்ததோ, அப்புறம்தான் வந்ததோ, தெரியாது. வந்த பிறகாவது போனீர்களா?

சானிக்ஸ் வரலாற்றை நான் எழுதப்போவதில்லை. ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது, நீங்களும் நிறையப் படித்திருப்பீர்கள். ஸ்டார்மின் வரலாற்றை நீங்கள் தமிழில் எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன். ஆட்டக்காரி லாரன் ஜாக்சன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய 2001இலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு முந்தைய முதல் சீசனையும் விடாதீர்கள்: 32 ஆட்டத்தில் ஆறு வெற்றி. மே மாதம் சீசன் தொடங்கும், டிக்கெட் உங்கள் சம்பளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

மகள் டீமில் ஆடுகிறாள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கார்டா, ஃபார்வர்டா, சென்டரா? ஜெர்ஸி எண் என்ன? அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா