கத்தியை எடுக்க முதல் கோழியைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: குஞ்சாக வாங்கி வளர்த்த ஆறு பேடுகளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தீன்தான் முடிகிறது, முட்டையைக் காணோம். "கறிக்கு அடிப்போம்" என்று வீட்டுக்காரர் ஒரே கரைச்சல். இவை முட்டையிடப் போகின்றனவா இல்லையா என்று எப்படி அறிவது?
– வாசகி ஒருவர், சுன்னாகம்

பதில்: மாதக் கணக்குச் சொன்னீர்கள், தீன் கணக்குச் சொன்னீர்கள். என்ன இனம் என்று மட்டும் சொல்லவில்லை. முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினம் என்றால் பெரும்பாலும் 18 முதல் 22 கிழமைக்குள் இடத் தொடங்கும். ஊர்க்கோழிக்கு ஆறு, ஏழு மாதம்கூடச் செல்லும். ஊர்ப்பேட்டை ஐந்தாம் மாதத்தில் வெட்ட நினைப்பது அநியாயம்.

சரி, நாட்காட்டியை விட்டுவிட்டுக் கோழியின் முகத்தைப் பாருங்கள். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் பெருத்துச் சிவக்கின்றனவா? அப்படியென்றால் முதுகில் கையை வையுங்கள். இதுவரை கை பட்டாலே பறந்தடித்து ஓடிய பேடு, செட்டையைச் சற்று விரித்து நிலத்தோடு பதுங்கிக் குந்தினால், முட்டைக்கு அதிக நாள் இல்லை. சேவலுக்கு இணங்கும் பருவம் வந்துவிட்டது. உங்கள் கையையும் அது சேவல் கணக்கில்தான் எடுக்கிறது.

அதிலும் சந்தேகமென்றால், இரவில் கூட்டுக்குள் தூங்கும்போது ஒன்றை மெல்லத் தூக்குங்கள். பின்துவாரத்துக்கு இரு பக்கமும் கூராகத் தட்டுப்படும் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு விரல்தான் கொள்ளும் என்றால் இன்னும் காலம் கிடக்கிறது. இரண்டு மூன்று விரல் கொள்ளும், துவாரமும் சுருங்கிக் காய்ந்திராமல் அகன்று ஈரமாக இருக்கிறது என்றால் பேடு தயார். பழைய கிழவிகள் விடியக் கூட்டைத் திறக்க முதலே விரலால் பார்த்து, "இண்டைக்கு இருக்கு" என்று அந்தப் பேட்டை மட்டும் உள்ளே மறித்து வைப்பார்கள். அவர்களிடம் தராசும் இல்லை, அட்டவணையும் இல்லை.

முட்டை வேண்டுமென்ற அவசரத்தில் முட்டைத் தீனை முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். அதில் கல்சியம் 4 வீதம் அளவில் இருக்கும்; வளரும் பேட்டுக்கு 1 வீதம் போதும். மிச்சம் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். கொண்டை சிவந்தபிறகு மாற்றினால் போதும். நொறுக்கிய சிப்பியை வேறு சட்டியில் வையுங்கள், தேவையானது தானே கொத்தும்.

அப்புறம், நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. பேடுகள் பகலில் எங்கே திரிகின்றன? கேரிக்கொண்டு மூலை மூலையாக நுழைந்து பார்த்தால், முட்டையிட இடம் தேடுகின்றன என்று அர்த்தம். இருட்டான மூலையில் வைக்கல் போட்ட பழைய கடகம் ஒன்றாவது வைத்தீர்களா? வைக்கவில்லையென்றால், முட்டை வரவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? விறகுக் குவியலுக்குப் பின்னாலும் வேலிக்கரைப் பற்றைக்குள்ளும் யாராவது பார்த்தார்களா? கறிக்கு அடிக்கச் சொல்பவரையே முதலில் அங்கே தேட அனுப்புங்கள். கீரி முந்தியிருக்காவிட்டால் கையில் ஏதாவது கிடைக்கும்.