நூறடிக் கொடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் காய்கறித் தோட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், போகிற போக்கில் "நான் பழமைவாதி, ரீகனுக்கு ஓட்டுப் போட்டு ஆரம்பித்தவன்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் தூக்கிவாரிப் போட்டது. நீங்களும் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர். உங்களுக்கு அந்தக் குடியரசுக் கட்சியில் என்ன வேலை?

நான் டாலஸில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். க்ரீன் கார்டு வரிசையில் என் முறை வருவதற்குள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கல்லூரியை முடித்துவிடுவாள். அலுவலகத்தில் எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் 2020 தேர்தலே திருட்டு என்கிறார், இன்னொருவர் இனிமேல் இந்த நாட்டில் ஒழுங்கான தேர்தலே நடக்காது என்கிறார். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கும் எதன்மீதும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. இன்னும் அந்தக் கட்சியில்தான் இருக்கிறீர்களா? கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ர., டாலஸ்

அன்புள்ள ர.,

கோபமாகக் கேட்டிருந்தாலும் பதில் எழுதியிருப்பேன். என் மகள் இதையே இருபது வருடமாகக் கேட்கிறாள். உங்கள் பொறுமை அவளுக்குக் கிடையாது.

முதலில் அந்த வார்த்தை. தமிழில் பழமைவாதி என்றால் உடன்கட்டைக்கு ஆதரவு தெரிவிப்பவர் மாதிரி ஒலிக்கிறது. கன்சர்வேடிவுக்கு வேறு நல்ல வார்த்தை எனக்கு அகப்படவில்லை. இருப்பதை ஒரேயடியாக உடைக்காதே, கடன் வாங்காதே, அரசாங்கத்தைக் கொஞ்சம் தள்ளியே வை: நான் அதை இப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

அதற்கும் காரணம் எங்கள் ஊர்தான். அப்பாவுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் வண்டிகள் தெருமுனை வரை நிற்கும், உமி நீக்கும் ஹல்லர் ஒன்று போதாது. இன்னொன்று போட 1966இல் பெர்மிட்டுக்கு மனு கொடுத்தார். அதன்பிறகு மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் ஒரு கிளார்க்கின் மேஜை முன்னால் நிற்பார். உட்காரச் சொன்னதாக ஒருநாளும் வந்து சொன்னதில்லை. நான் பொறியியல் முடித்த வருடம் பெர்மிட் வந்தது. அதற்கு முந்தைய வருடமே ஆலையை விற்றிருந்தார்.

1975இல் படிக்க வந்து, 1978இல் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் பக்கம் ஒரு சின்ன இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருடமே க்ரீன் கார்டு வந்துவிட்டது. (உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.) 1981 ஜனவரியில் ரீகன் அதிபராகப் பதவியேற்றபோது நாங்கள் பட்டறையின் சாப்பாட்டு அறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இன்றைய நெருக்கடியில் அரசாங்கம் நம் சிக்கலுக்குத் தீர்வு அல்ல, அரசாங்கம்தான் சிக்கல் என்றார் அவர். எனக்கு மஞ்சள் பை ஞாபகம் வந்தது. 1984இல் குடியுரிமை கிடைத்தது, அந்த நவம்பரிலேயே அவருக்கு ஓட்டுப் போட்டேன்.

அந்த அறையில் அப்படிப் போட்டவன் அநேகமாக நான் ஒருவன்தான். மற்றவர்களில் பாதிப் பேர் எஃகு ஆலையிலிருந்து வந்தவர்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே கேம்ப்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஒரே அறிவிப்பில் சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஊரில் இன்றும் அதற்குப் பெயர் கறுப்புத் திங்கள். யூனியன், சர்ச், ஜனநாயகக் கட்சி மூன்றையும் பிறப்பிலேயே வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். நான் ரீகன் பேச்சை எடுத்தால் டிபன் டப்பா மூடியால் மேஜையைத் தட்டிக் கேலி செய்வார்கள்.

இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுண்டி 1972இல் நிக்சனுக்குப் போட்டது. அதற்குப்பின் 2020 வரை எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் அங்கே ஜெயித்ததில்லை. 2020இல் டிரம்ப் ஜெயித்தார். அன்று மேஜையைத் தட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று டிரம்பின் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து நீ அரைகுறைக் குடியரசுக்காரன் என்கிறார்கள். நாற்பது வருடம் நான் குடியிருந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்துவிட்டார்கள், நான் திண்ணைக்கு வந்துவிட்டேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆலை போயிற்று, 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் மிச்சமிருந்த பட்டறைகளில் பலவும் போயின, பிறகு வலி மாத்திரைப் போதை வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. சுதந்திர வர்த்தகம் எல்லோருக்கும் நல்லது என்று அந்தச் சாப்பாட்டு அறையில் பாடம் எடுத்தவன் நான்தான். 2016இல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரைத் தேறாத கும்பல் என்கிற மாதிரிப் பேசிவைத்தார். அதற்குமேல் அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் கடன் பாடமும் தேறவில்லை. ரீகன் காலத்திலேயே தேசியக் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. 1998 முதல் 2001 வரை பட்ஜெட்டில் உபரி காட்டினார்கள். கிளின்டன் அதிபர், காங்கிரஸ் எங்கள் கையில். அவ்வளவுதான், அப்புறம் இரண்டு கட்சியும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கி, 2024 கடைசியில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. இதைப் பற்றிப் பேசினால் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, விட்டுவிடுகிறேன்.

குடியேற்றம் உங்கள் வயிற்றெரிச்சல், அதை விட முடியாது. 1986இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணம் இல்லாத சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமானார்கள். பதவியை விட்டுப் போவதற்கு முந்தைய நாள், 1989 ஜனவரி 19, அவர் பேசியது இது: பிரான்சுக்குப் போய் வாழலாம், ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட முடியாது, உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் அமெரிக்கர் ஆகலாம். யாரோ ஒருவர் தனக்கு எழுதிய கடிதத்தில் இருந்த கருத்து என்றும் சொன்னார். இன்று எங்கள் கட்சிக் கூட்டத்தில் யாராவது அதைப் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மறுபக்கம், 2023 நிதியாண்டில் மட்டும் தெற்கு எல்லையில் சுமார் 25 லட்சம் முறை ஆட்களை எதிர்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் கேள்வி கேட்டாலே இனவெறி என்றார்கள். நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். க்ரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்குமேல் இல்லை என்ற 1990ஆம் வருடத்துச் சட்டம், இந்தியாவையும் ஐஸ்லாந்தையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறது. இரண்டு கட்சியும் அதை மாற்றவில்லை. வரிசையில் ஒழுங்காக நிற்பவனை முட்டாளாக்குவதை என்னால் எந்தக் கொள்கையின் பெயராலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவும் வரிசையில்தான் நின்றார்.

சரி, தேர்தலுக்கு வருகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறேன். ஒஹாயோவில் சாவடிப் பணியாளர்களில் ஒரே கட்சிக்காரர்கள் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. எங்கள் சாவடி ஒரு சர்ச்சின் அடித்தளக் கூடம். வாக்குப்பதிவு காலை ஆறரைக்கு, நாங்கள் ஐந்தரைக்கே போய்விடுவோம். என் முதல் வேலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து நூறு அடி அளந்து, பாதையின் இரண்டு பக்கமும் சின்ன அமெரிக்கக் கொடிகளை நடுவது. அந்தக் கொடிகளுக்கு உள்ளே பிரசாரம் கூடாது. தொப்பியும் பனியனும்கூட எல்லைக்கு வெளியே. நவம்பரில் மண் இறுகிக் கிடக்கும், கொடிக் குச்சி உடைந்துவிடும். அதனால் காரில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன், முதலில் அதால் குத்தி ஓட்டை போட வேண்டும்.

ஜனநாயகக் கட்சியின் பக்கத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை வருவார். என் வயதுதான். அவர் வீட்டு வாசலில் பைடன் பலகை. நான் 2016இல் விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு டிரம்புக்குப் போட்டவன். உச்ச நீதிமன்றத்தில் இறந்துபோன நீதிபதி ஸ்கேலியாவின் நாற்காலி காலியாக இருந்தது, அதுதான் காரணம். 2020இலும் போட்டேன். இது அவருக்கும் தெரியும். மத்தியானம் அவர் கொண்டுவந்த மீட்பாலைத் தொட மாட்டேன், என் தயிர் சாதத்தை அவர் தொட மாட்டார், ஊறுகாய் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அந்த 2020 ராத்திரி ஏழரைக்குக் கதவைச் சாத்தினோம். பதிவேட்டில் இருந்த கையெழுத்தையும் ஸ்கேனர் காட்டிய எண்ணையும் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது. ஒரு சீட்டு குறைகிறது. காலையிலிருந்து முகக்கவசத்துக்குள் மூச்சு விட்டு எல்லோருக்கும் தலைவலி. ஒரு சீட்டுதானே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கையெழுத்துகளைத் திரும்ப எண்ணினோம், ஸ்கேனரின் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். முக்கால் மணி நேரம் கழித்து ஆசிரியைதான் பாழான சீட்டுகளைப் போடும் உறையைத் திறந்து எண்ணினார். ஒருவர் இரண்டு பேருக்குக் குறி போட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், மாற்றுச் சீட்டு வாங்கவே இல்லை. "பிரசவத்துக்குப் போன் வந்து ஓடினாரே, அவர்!" என்றார் ஆசிரியை. அதை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பையைச் சீல் வைத்தோம்.

பையைக் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்கு இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவராகச் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும். என் காரில் போனோம். பின் இருக்கையில் பையை வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டார், பேரப்பிள்ளைக்குப் போடுவது போல. வழியில், "ஒஹாயோவில் உங்க ஆள்தான் வருவார்" என்றார். வந்தார், எட்டு சதவீத வித்தியாசத்தில்.

நாட்டளவில் டிரம்ப் தோற்றார். அப்புறம் கதை ஆரம்பித்தது. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலில், அடித்தளத்து கேன்டீனில் புளியோதரைக்கு நிற்கும்போது முப்பது வருட நண்பர் ஒருவர், எல்லாம் திருட்டு ஓட்டு என்றார். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன் என்றேன்.

"உன் பை இல்லைய்யா. அட்லாண்டா பை."

அட்லாண்டா பையை யார் தூக்கியிருப்பார்கள்? என்னை மாதிரி ஒரு கிழவனும் ஊறுகாய் கேட்கும் ஒரு கிழவியும்தானே. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவில் தேர்தலுக்குப் பொறுப்பாக இருந்த பிராட் ராஃபென்ஸ்பர்கர் எங்கள் கட்சி, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர். சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ண வைத்தார். பைடன் கிட்டத்தட்ட 12,000 ஓட்டில் ஜெயித்தது மாறவில்லை. அரிசோனா கீழவையின் சபாநாயகராக இருந்த ரஸ்டி பவர்ஸும் எங்கள் கட்சிதான். தேர்தல் முடிவை மாற்றச் சொன்னபோது, எடுத்த பிரமாணத்தை மீற மாட்டேன் என்று சொன்னதற்காக அவர் வீட்டு முன்னால் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினார்கள். வீட்டுக்குள் மகள் சாகக் கிடந்தாள். 2022இல் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலிலேயே அவரைத் தோற்கடித்தார்கள். நான் யாரைக் கன்சர்வேடிவ் என்று நினைத்திருந்தேனோ, அந்த மனிதரைக் கன்சர்வேடிவ்கள் வெளியே அனுப்பினார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்ற வாசலில் போலீஸ்காரரைக் கொடிக் கம்பால் அடித்ததை டிவியில் பார்த்தபோது எழுந்து போய் அணைத்துவிட்டேன். அதே கொடி, கம்புதான் பெரிசு.

இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். ஒஹாயோவில் உறுப்பினர் அட்டையெல்லாம் கிடையாது. முதனிலைத் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்குகிறீர்களோ அதுதான் உங்கள் கட்சி. 2024 மார்ச்சில் நான் குடியரசுக் கட்சிச் சீட்டைத்தான் கேட்டேன். டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகி இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஆனால் பெயர் சீட்டில் இருந்தது. அதற்கே குறி போட்டேன். நவம்பரில் யாருக்குப் போட்டேன் என்பதை வீட்டம்மாவுக்கே சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. ஜனநாயகக் கட்சிக்குப் போய்விடுங்கள் என்று மகள் சொல்கிறாள். போகலாம். போனால் ஆசிரியையும் நானும் ஒரே கட்சி ஆகிவிடுவோம். அப்புறம் சேர்ந்து பையைத் தூக்க முடியாது.

உங்கள் இரண்டு சக ஊழியர்களுக்கும் நான் எழுதி ஒன்றும் ஆகாது. டெக்சாஸில் தேர்தலுக்கு முன்னால் வாக்கு இயந்திரங்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். முன்கூட்டியே அறிவிப்பு வெளியிட்டு நடத்தும் பொதுச் சோதனை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவர்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். சோதனைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவார்கள், எண்ணுவார்கள், மறுபடி விடுவார்கள். பயங்கரமாகப் போரடிக்கும். கொறிக்க ஏதாவது எடுத்துப்போங்கள்.